யாருக்கும் சொந்தமில்லாத வீதி: கண்டி மலைப்பாதைகளின் இருநூறு ஆண்டுகள்

ஏ9 என்ற பெயரைக் கேட்டதும் உலகெங்கும் வாழும் ஈழத்தமிழர் மனதில் எழுவன கிளிநொச்சி, ஆனையிறவு, முகமாலை என்னும் பெயர்களே. போர்க்காலத்தில் மூடப்பட்டும் திறக்கப்பட்டும் மீண்டும் மூடப்பட்டும் வந்த அந்த வீதி, எங்கள் அரசியலின் வெப்பமானியாகவே விளங்கியது. ஆனால் அவ்வீதி தொடங்கும் இடம் கண்டி என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. கண்டியிலிருந்து மாத்தளை, நாலந்த, தம்புள்ளை வழியாகவே அது வடக்கு நோக்கிச் செல்கிறது. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஏ9 என்ற எண் பிறப்பதற்கு நூறாண்டுகளுக்கும் முன்னரே, இதே தடத்தில் வடக்கிலிருந்து தெற்கு நோக்கித் தமிழர் நடந்து வந்தார்கள். தலையில் மூட்டையும் இடுப்பில் குழந்தையுமாக வந்த அவர்கள் நடந்த பாதையின் கதையையும், அவர்கள் மலையில் வெட்டிய பாதைகளின் கதையையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலையகத்துச் செய்திகளைப் பல ஆண்டுகள் செப்பனிட்டு அச்சுக்கு அனுப்பியவன் என்ற முறையில் எனக்கு நன்கு பழக்கமான ஒரு தலைப்பு உண்டு. ‘குன்றும் குழியுமான பாதை: தோட்ட மக்கள் விசனம்’ என்பதே அது. ஊர்ப்பெயரை மட்டும் மாற்றினால் போதும். செய்தி எந்த ஆண்டுக்கும் பொருந்தும். குழிகளில் வாழைக்கன்று நட்டு எதிர்ப்புத் தெரிவிக்கும் படமொன்றும் கூடவே வரும். செய்தியாசிரியர்களுக்கு இது இடம் நிரப்பும் செய்தி. எனக்கோ நெடுங்காலமாக ஒரு கேள்வி இருந்தது. இலங்கையில் பாதைக்கென்றே மிகுதியாகப் பணமும் உழைப்பும் கொட்டப்பட்ட மலையிலேயே பாதைகள் ஏன் இவ்வளவு காலம் கேட்பாரற்றுக் கிடந்தன? இதற்கு விடை மழையிலோ மண்ணிலோ மட்டும் இல்லை. அது சட்டப்புத்தகங்களிலும் இருக்கிறது.

பாதை வேண்டாத இராச்சியம்

கண்டி இராச்சியத்துக்குப் பாதையின்மையே அரணாக இருந்தது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் கரையோரத்தை வென்றும் மலையை நிலையாக வெல்ல முடியாமற் போனமைக்கு அடர்ந்த காடும் ஒற்றையடித் தடங்களும் முக்கிய காரணங்கள். கணவாய்களில் முட்கதவுகள் பொருத்திய காவல் நிலையங்கள் இருந்தன. கடவத்தை என்று முடியும் ஊர்ப்பெயர்கள் அவற்றின் எச்சங்களே. 1803இல் கண்டிக்குள் புகுந்த ஆங்கிலப் படை திரும்ப வழியின்றி அழிந்தது.

1815இல் கண்டி வீழ்ந்தது படைபலத்தால் என்பதைவிடப் பிரதானிகளின் பிளவால் என்பதே பொருத்தம். இரண்டே ஆண்டுகளில், 1817–18இல், ஊவா வெல்லச கிளர்ச்சி வெடித்தபோது ஆங்கிலேயர் ஒன்றை உணர்ந்தனர். மலையைப் பிடித்தால் போதாது. பிடித்து வைத்திருக்கப் பாதை வேண்டும். 1820இல் பதில் தேசாதிபதியாகவும் பின்னர் 1824 முதல் 1831 வரை தேசாதிபதியாகவும் இருந்த எட்வர்ட் பார்ன்ஸ் கொழும்பு–கண்டி வீதியைக் கையிலெடுத்தது இதற்காகத்தான். பீரங்கியும் படையும் விரைந்து ஏறவே அப்பாதை திட்டமிடப்பட்டது.

வெட்டியவர்கள் யார்? இராசகாரியம் என்ற பழைய சேவை முறையின் கீழ் திரட்டப்பட்ட கண்டிக் கிராமத்தவர். மன்னனுக்கு நிலத்தின் பேரில் செலுத்திய உழைப்பை வெள்ளை அரசு கூலியின்றித் தன் வீதிக்குத் திருப்பிக்கொண்டது. வீதி வேலைக்கு அமர்த்தப்பட்ட படை அலுவலர்களுள் ஒருவர் தோமஸ் ஸ்கின்னர். அப்போது அவருக்கு வயது 16. முன்பின் இவ்வேலையறியாத ஏறத்தாழ 200 கிராமத்தவரைக் கொடுத்து ஒரு பகுதியை முடிக்கச் சொன்னார்கள். அவருக்கும் வீதி போடத் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. அந்த இளைஞரே பின்னாளில் தீவின் வீதிகளுக்கெல்லாம் ஆணையாளராகி, 1867இல் ஓய்வு பெற்றபோது ஏறத்தாழ 3,000 மைல் வீதிகளை விட்டுச் சென்றார்.

கடுகண்ணாவைக் கணவாயில் பாறையைக் குடைந்து வழி செய்தார்கள். மலையைத் துளைத்து வருபவனே கண்டியை ஆள்வான் என்றொரு ஐதீகம் கண்டியரிடையே இருந்ததாகவும், அந்தக் குகைவழி அதை நிறைவேற்றியதாகவும் இன்றும் சொல்வார்கள். கணவாயின் உச்சியில் கப்டன் டோசனுக்கு நினைவுக் கோபுரம் நிற்கிறது. வீதியைத் திட்டமிட்ட அரச பொறியியலாளரான அவர் 1829இல் இறந்தார். நண்பர்கள் பணம் திரட்டி 1832இல் கோபுரத்தை நிறைவு செய்தனர்.

அந்த 1832ஆம் ஆண்டை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. கண்டியின் கடைசி மன்னன், நாயக்கர் வழிவந்த ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், வேலூர்ச் சிறையிருப்பில் இறந்தது அந்த ஆண்டு சனவரியில். கொழும்பு–கண்டி தபால் குதிரை வண்டி ஓடத் தொடங்கியதும் அந்த ஆண்டே. கோல்புறூக் ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி இராசகாரியம் ஒழிக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். மன்னன் மறைந்தான், பாதை வந்தது, இலவச உழைப்பு சட்டப்படி முடிந்தது. அப்படியானால் இனிப் பாதையை வெட்டுவது யார்?

கோப்பி கேட்ட பாதை

படைக்காகப் போட்ட பாதையில் படையைவிட அதிகமாகப் போனது கோப்பி. பார்ன்ஸ் தாமே பேராதனைக்கு அருகே கன்னொறுவையில் கோப்பித் தோட்டம் வைத்திருந்தார். கோப்பிக்கான ஏற்றுமதி வரியை நீக்கியவரும் அவரே. பாதை போட்டவரும் பயிரிட்டவரும் வரி நீக்கியவரும் ஒருவரே என்ற இந்த ஒற்றுமையை வெறும் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது.

1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டத்தின் பின் காடுகள் தோட்டங்களாயின. புசல்லாவை, ஹந்தானை, ஹேவாஹெட்ட, ரங்கலை, மாத்தளை எங்கும் மலைச்சரிவுகள் வெளுத்தன. ஆனால் தோட்டத்திலிருந்து கண்டிக்கு வர வழியில்லை. தலைச்சுமையும் பொதிமாடுமே வாகனங்கள். கண்டியிலிருந்து கொழும்புக்கு 72 மைல் மாட்டுவண்டிப் பயணம். மழை பிடித்தால் சக்கரம் அச்சுவரை புதையும். மாட்டு நோய் வந்தால் வண்டியே கிடைக்காது. கோப்பி கீழே இறங்க வேண்டியது போலவே தொழிலாளருக்கான அரிசி மேலே ஏற வேண்டும். பாதை அடைபட்டால் துரையின் இலாபம் தேங்கும். தொழிலாளியின் அடுப்பு அணையும். ஒரே சேற்றின் இரு விளைவுகள் இவை.

மகாவலியைக் கடப்பதற்குப் பேராதனையில் 1833இல் பாலம் அமைந்தது. முழுவதும் முதிரை மரத்தாலான, ஆணியே பாவிக்காத, 205 அடி ஒற்றை வளைவுப் பாலம் அது. எழுபது ஆண்டுகளுக்கு மேல் கோப்பி வண்டிகளையும் தேயிலை வண்டிகளையும் தாங்கிவிட்டு 1905இல் இடம் விட்டுக் கொடுத்தது.

1847இல் கோப்பி விலை சரிந்தது. அரசின் கருவூலம் வற்றியது. பாதைகளோ வேண்டும். டொறிங்டன் தேசாதிபதியின் அரசு கண்ட வழி 1848ஆம் ஆண்டின் வீதிக் கட்டளைச் சட்டம். 18 வயதுக்கும் 55 வயதுக்கும் இடைப்பட்ட ஒவ்வோர் ஆணும் ஆண்டுக்கு ஆறு நாள் வீதியில் உழைக்க வேண்டும். அல்லது அதற்கு ஈடாக மூன்று சிலிங் செலுத்த வேண்டும். ஒழிந்ததாகச் சொன்ன இராசகாரியம் வேறு பெயரில் வந்துவிட்டது என்றே கண்டிய மக்கள் கருதினர். துப்பாக்கி வரி, நாய் வரி, கடை வரி என்பனவும் சேர்ந்துகொள்ள, அந்த ஆண்டு யூலையில் மாத்தளையில் கிளர்ச்சி வெடித்தது. புரன் அப்பு ஆகத்து 8ஆம் திகதி கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார். கொங்காலேகொட பண்டா நாடு கடத்தப்பட்டார். அந்த மரணத்தின் பின்னணியில் இருந்த குறைகளுள் ஒன்று வீதி என்பதை எங்கள் பாடநூல்கள் ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. தன் தோளில் விளையாத கோப்பிக்காகத் தன் தோளில் மண் சுமக்க மறுத்த கிராமத்தவனின் கோபம் அது.

வடபாதை

உழைப்புக்கு அரசும் துரைமாரும் கண்ட மற்றொரு வழி தென்னிந்தியா. இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, தஞ்சை, சேலம் பகுதிகளிலிருந்து கங்காணிகளின் பின்னால் மக்கள் வந்தார்கள். தோட்டத்துக்கு மட்டும் அல்ல, ஸ்கின்னரின் திணைக்களத்தின் கீழ் இயங்கிய பயனியர் படை என்ற வீதித் தொழிலாளர் அணிக்கும் தென்னிந்தியத் தமிழரே பெருமளவில் சேர்க்கப்பட்டனர். மலையகத் தமிழர் என்றதும் தேயிலைக் கூடையை மட்டும் நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இந்த மலையில் தமிழர் கையில் முதலில் இருந்த கருவிகளுள் அலவாங்கும் மண்வெட்டியும் கல்லுடைக்கும் சுத்தியலும் உண்டு.

அவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தனர். ஏறத்தாழ 150 மைல். நீரற்ற காடு, மலேரியா, வாந்திபேதி. கோப்பி பறிக்கும் பருவத்துக்கு வந்து, முடிந்ததும் திரும்பும் வழக்கம் அன்றிருந்ததால், அதே பாதையை ஆண்டுக்கு இருமுறை கடந்தவர்களும் உண்டு. வழியில் விழுந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். அவர்களுக்குக் கல்லறையும் இல்லை. கணக்கும் சரியாக இல்லை.

இவ்விடத்தில் இரு பாதைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கொழும்புக்குக் கோப்பி இறங்கிய பாதைக்குக் கல்லும் சல்லியும் பாலமும் பொறியியலாளரும் வந்தார்கள். மனிதர் ஏறிவந்த வடபாதைக்கோ நெடுங்காலம் கிணறுகூடப் போதிய அளவில் வரவில்லை. தங்குமடங்களும் மருத்துவ நிலையங்களும் பின்னரே, அதுவும் தொழிலாளர் வரத்துக் குறையும் என்ற அச்சம் எழுந்த பின்னரே, சிறிது சிறிதாக அமைந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் அந்த வழி மூடப்பட்டது.

பாதிப் பணம், முழு உரிமை

தோட்டத்துரைமார் 1854இல் கண்டியில் தமக்கென ஒரு சங்கம் அமைத்தனர். அச்சங்கத்தின் ஓயாத கோரிக்கைகள் மூன்று: தொழிலாளர், புகையிரதம், வீதி. புகையிரதம் 1867இல் கண்டியை அடைந்தது. ஆனால் புகையிரதம் தோட்டத்து வாசலுக்கு வராது. நிலையம் வரை சரக்கைக் கொண்டுசேர்க்கக் கிளை வீதிகள் வேண்டும். இதற்காக 1860களில் ஓர் ஏற்பாடு உருவானது. ஒரு பகுதியிலுள்ள தோட்டங்கள் சேர்ந்து வீதி கேட்டால், செலவில் பாதியை அரசு கொடுக்கும். மறுபாதியை அவ்வீதியால் பயன்பெறும் தோட்டங்கள் பயிர்நிலத்துக்கு ஏற்பப் பகிர்ந்து செலுத்தும்.

நல்ல ஏற்பாடு என்றுதான் தோன்றும். கண்டியைச் சூழ்ந்த மலைகளில் வலைபோலப் பரந்த வீதிகள் பலவும் இப்படி வந்தவையே. ஆனால் அதன் அடிப்படை விதியைக் கவனியுங்கள். வீதி யாருக்கு என்பதை நிர்ணயித்தது அங்கு வாழும் தலைகளின் எண்ணிக்கை அல்ல. பயிரிட்ட ஏக்கர்களின் எண்ணிக்கை. தோட்டத்தின் எல்லைக்குள் இருந்த பாதைகளோ முற்றிலும் தனியார் சொத்து. துரை பங்களாவுக்கும் தொழிற்சாலைக்கும் செல்லும் வழி செப்பமாக இருக்கும். லயத்துக்குச் செல்லும் வழி, கொழுந்து மலைக்குப் போகும் வழியில் இருந்தால் உண்டு. இல்லையேல் ஒற்றையடிப் பாதைதான்.

1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியைத் தின்றது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னரே, 1867இல், தெல்தோட்டைக்கு அப்பால் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். தேயிலை வந்தபின் பாதையின் தேவை கூடியதே தவிரக் குறையவில்லை. காய்ந்த கோப்பிக் கொட்டை ஓரிரு நாள் தாமதத்தைத் தாங்கும். பச்சைக் கொழுந்து தாங்காது. பறித்த சில மணி நேரத்துக்குள் அது வாட்டும் தட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். சாக்கில் நசுங்கினால் சூடேறும், சூடேறினால் சிவக்கும், சிவந்த கொழுந்தில் நல்ல தேயிலை வராது. ஒரு கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ நான்கரைக் கிலோ கொழுந்து வேண்டும் என்பதால் சுமையும் அதிகம். அதனாலேயே பழைய தோட்டங்களில் தொழிற்சாலையைத் தோட்டத்தின் நடுவிலேயே கட்டினார்கள். கொழுந்து குறுகிய தூரம் தலைச்சுமையாக வரும். காய்ந்த தேயிலை மட்டும் பெட்டியில் அடைபட்டு வண்டியேறி நிலையத்துக்குப் போகும்.

இங்கேதான் பிற்காலத்து அவலத்தின் வித்து இருக்கிறது. கண்டி மாவட்டத்தின் இடைநிலைத் தோட்டங்களில் தொழிற்சாலைகள் பல பின்னாளில் மூடப்பட்டன. எனவே முன்பு தோட்டத்துக்குள்ளேயே முடிந்த பச்சைக் கொழுந்தின் பயணம் இப்போது பல மைல் நீண்டுவிட்டது. காய்ந்த பெட்டிக்காகப் போட்ட குறுகிய பாதையில் ஈரக் கொழுந்து லொறி ஏறி இறங்குகிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்ட இடங்களில் சிறு பற்று நிலக்காரர் வந்தனர். மரக்கறிச் செய்கையாளரும் பாற்பண்ணையாளரும் வந்தனர். இன்று இலங்கைத் தேயிலையின் பெரும்பகுதி சிற்றுடைமையாளரின் கொழுந்திலிருந்து வருவது. அவர்களுள் பலரிடம் சொந்த லொறி இல்லை. வீதியோரம் மூட்டையை வைத்துவிட்டுக் கொழுந்து சேகரிப்பவரின் வாகனத்துக்குக் காத்திருக்கிறார்கள். வாகனம் ஏறாத பாதையென்றால் விலை குறையும், அல்லது அன்றைய கொழுந்தே வீணாகும்.

தாரும் தண்ணீரும்

வீதிக்குத் தார் போடுவது ஒரு சொகுசு என்ற எண்ணம் நம்மிடம் உண்டு. மலையில் அது சொகுசு அன்று. ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த மக்கடம் என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்ட முறை எளியது. சிறிதாக உடைத்த கல்லை அடுக்கடுக்காகப் பரப்பி இறுக்கினால், கல்லோடு கல் பிணைந்து பாரத்தைத் தாங்கும். அடியிலுள்ள மண் உலர்ந்திருக்கும் வரை பாதை நிற்கும். மாட்டுவண்டியின் இரும்புச் சக்கரம் கல்லை மேலும் நசுக்கி இறுக்கிற்று. ஆனால் இருபதாம் நூற்றாண்டில் மோட்டார் வாகனம் வந்ததும் நிலைமை மாறியது. இறப்பர்ச் சக்கரம் கற்களுக்கிடையே உள்ள தூளை உறிஞ்சி எறிந்தது, பிணைப்பு தளர்ந்தது. அதனாலேயே உலகெங்கும் மேற்பரப்பைத் தாரால் மூடத் தொடங்கினர்.

தாரின் முதற்பணி வழவழப்பு அல்ல. தண்ணீரை உள்ளே விடாமல் தடுப்பதே. இதை மலைத் தோட்டங்களின் பழைய தொழிலாளர்கள் பொறியியலாளரைவிடக் குறைவாக அறிந்தவர்கள் அல்லர். “ரோட்டைப் பார்க்காதீங்க ஐயா, கானைப் பாருங்க” என்று முதியவர் ஒருவர் என்னிடம் ஒருமுறை சொன்னார். தோட்டத்துத் தமிழில் கான் என்பது வடிகால். கான் வெட்டுவது தோட்டத்தில் தனி வேலை. அதற்கெனத் தேர்ந்த ஆட்கள் இருந்தார்கள். மலைப்பக்கத்துக் கான் தூர்ந்தால் மழைநீர் பாதையின் குறுக்கே பாயும். மதகு அடைத்தால் கீழ்ப்பக்கத்து அணைகல் பெயரும். பிறகு எத்தனை அங்குலத் தார் போட்டாலும் அது அப்பம் போலப் பெயர்ந்து வரும். செங்குத்தான ஏற்றங்களில் தாரை விடக் கொங்கிரீட் நிலைக்கும் என்பதால் அண்மைக் காலத்தில் தோட்டப் பாதைகளில் அதுவே அதிகம். ஆனால் கான் இல்லாத கொங்கிரீட்டின் அடியிலும் மண் கரையும். மேற்பரப்பைத் திறந்து வைக்க அமைச்சர் வருவார். கானைத் தூர்வார யாரும் நாடா வெட்டுவதில்லை.

சட்டம் போட்ட வேலி

இனி என் கேள்விக்கான விடைக்கு வருகிறேன். ஒரு பாதையைப் பேண வேண்டியவர் அதன் உரிமையாளர். தோட்டப் பாதைக்கு உரிமையாளர் யார்?

வெள்ளையர் காலத்தில் தோட்டக் கம்பனி. கிராமத்துப் பாதைகளைக் கிராமச் சபைகள் பார்த்துக்கொண்டன. 1937இல் கொண்டுவந்த திருத்தச் சட்டம் தோட்டங்களில் வாழ்ந்த இந்தியத் தொழிலாளரைக் கிராமச் சபை வாக்குரிமையிலிருந்து விலக்கியது. இந்தியாவில் பெரும் எதிர்ப்பைக் கிளப்பிய சட்டம் அது. 1948இல் குடியுரிமையே பறிபோயிற்று. ஆக, பாதை போட்டவர்களுக்கு அப்பாதையைப் பற்றிக் கேட்கும் வாக்குச் சீட்டு இல்லை.

1972, 1975 ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. இனியாவது பாதை பொதுவாகும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். நிலம் அரசுக் கூட்டுத்தாபனங்களின் சொத்து. பாதை அதன் உட்புறம். 1992இல் பெரும்பாலான தோட்டங்களின் முகாமை பிராந்தியக் கம்பனிகளிடம் போயிற்று. கண்டி, மாத்தளைப் பகுதிகளில் இலாபமில்லாத தோட்டங்கள் பல அரசின் கையிலேயே தங்கின. அவற்றின் நிலை இன்னும் மோசம்.

இதற்கிடையே 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் வந்தது. அதன் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் பிரதேச சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக விளங்கியது. இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். குடியுரிமைச் சிக்கல் படிப்படியாகத் தீர்ந்து, தோட்டத் தொழிலாளி பிரதேச சபைக்கு வாக்களிக்கிறான். அவன் அனுப்பிய உறுப்பினர் சபையில் அமர்கிறார். ஆனால் அந்த உறுப்பினர் தன் லயத்துக்குச் செல்லும் பாதைக்கு ஒரு கூடை சல்லி போடச் சபைப் பணத்தைத் தொட முடியாது. தோட்டத்தின் எல்லைக் கல் வரை சபையின் தார் வரும்; எல்லைக் கல்லைத் தாண்டியதும் கல்லும் குழியும். கண்டியைச் சுற்றிப் பயணம் செய்தவர்கள், ஒரே வீதி எவ்வித காரணமும் இன்றித் திடீரென நிறம் மாறுவதைப் பார்த்திருப்பார்கள். காரணம் இருந்தது. அது பிரிவு 33.

சபை சொல்லும்: அது தோட்டத்துக்குரியது. தோட்டம் சொல்லும்: எங்களுக்கு நட்டம், மேலும் பொதுமக்கள் பாவிக்கும் பாதை அது. இந்த இரு வாக்கியங்களுக்கும் இடையில்தான் பிரசவ வலியெடுத்த பெண்ணைக் கொழுந்து லொறியில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். லொறியும் ஏறாத இடத்தில் கம்பளியில் கட்டித் தூக்கினார்கள். இப்படியான செய்திகள் என் மேசைக்கு எத்தனை வந்தன என்று நான் எண்ணி வைக்கவில்லை. வராமற்போனவை அதைவிட அதிகமாக இருக்கும்.

அப்பிரிவு 2018இல்தான் திருத்தப்பட்டது. மலையகப் பிரதிநிதிகளும் சிவில் அமைப்புகளும் பல ஆண்டுகள் வற்புறுத்தியதன் பயன் அது. சட்டம் வந்து முப்பது ஆண்டுகள் கழித்துத் தோட்டத்துக்குள் பிரதேச சபை சட்டப்படி கால் வைத்தது.

கதவு திறந்த பின்

அரசு திட்டங்களே இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. 2004இல் தொடங்கிய மக நெகும, ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியுடன் 2014இல் அங்கீகரிக்கப்பட்ட ஐ-றோட் ஆகியவற்றால் மத்திய மாகாணத்தின் கிராம வீதிகள் பல செப்பமாயின. ஐ-றோட் ஒப்பந்தங்களில் வீதியைப் போட்டவரே குறிப்பிட்ட காலம் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. வரவேற்க வேண்டிய மாற்றம். ஆனால் 2022இன் பொருளாதார நெருக்கடி வீதி வேலைகளை முடக்கியது. பாதி கிளறிப் போட்ட பாதை, கிளறாத பாதையைவிடக் கேடு என்பதை அந்த மழைக்காலம் காட்டியது.

2025 நவம்பரில் மலை மீண்டும் பேசியது. பஹல கடுகண்ணாவையில் கொழும்பு–கண்டி வீதியோரம் மண் சரிந்து உயிர்கள் பலியாயின. நாட்டின் பிரதான வீதி மூடப்பட்டது. சில நாட்களில் டிட்வா புயல் வந்தது. மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் ஒன்று கண்டி. அரச பொறியியலாளர்கள் இருநூறு ஆண்டுகளாகக் கவனித்து வந்த வீதிக்கே இக்கதியென்றால், கான் தூர்ந்து கிடக்கும் தோட்டப் பாதையின் கதியை விளக்க வேண்டியதில்லை. பாதை அறுந்த இடத்தில் மீட்புப் பணியும் அறுந்துபோகிறது.

அயல்நாட்டு உதாரணம் ஒன்றைச் சொல்லலாம். இந்தியாவில் 2000 திசம்பரில் தொடங்கிய பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் ஓர் எளிய அளவுகோலைக் கொண்டது. சமவெளியில் 500 பேருக்குக் குறையாத குடியிருப்பு, மலைப்பகுதியில் 250 பேருக்குக் குறையாத குடியிருப்பு. அதற்கு எக்காலத்துக்கும் ஏற்ற வீதி வேண்டும். போட்ட ஒப்பந்தக்காரரே ஐந்து ஆண்டு பராமரிக்க வேண்டும். அத்திட்டத்திலும் குறைகள் உண்டு. எனினும் அதன் அளவுகோல் நம் கவனத்துக்குரியது. அது தலைகளை எண்ணுகிறது. நம் மலையில் இருநூறு ஆண்டுகளாக எண்ணப்பட்டவை முதலில் பீரங்கிகள், பின்னர் கோப்பி மூட்டைகள், பின்னர் தேயிலைப் பெட்டிகள்.

சரக்குக்காகப் பாதை போடுவது தவறு என்று நான் சொல்லவில்லை. கொழுந்தும் மரக்கறியும் பாலும் நேரத்துக்குச் சந்தை சேர்ந்தால்தான் மலையில் வாழ்பவனுக்குப் பிழைப்பு. ஆனால் சரக்கின் கணக்கை மட்டும் பார்த்துப் போட்ட பாதை, சரக்கு நலிந்ததும் கைவிடப்படும். கண்டி மாவட்டத்தில் நடந்தது அதுவே. தோட்டம் இலாபம் தராதபோதும் அங்கே மனிதர் வாழ்கிறார்கள். பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள். முதியவர்கள் மருந்துக்குப் போகிறார்கள்.

ஆகவே இன்று செய்ய வேண்டியது பெரிய திட்டமொன்றை அறிவிப்பது அன்று. முதலில் ஒவ்வொரு தோட்டப் பாதையும் எவருக்குரியது என்பதை அளந்து, எழுதி, பிரதேச சபையின் வீதிப் பதிவேட்டில் சேர்க்க வேண்டும். பதிவேட்டில் இல்லாத பாதைக்குச் சட்டம் திருந்தினாலும் பணம் வராது. அடுத்தது, மேற்பரப்புக்கு ஒதுக்கும் நிதியோடு கானுக்கும் மதகுக்கும் ஆண்டுதோறும் ஒரு தொகை. அந்த வேலையைத் தெரிந்தவர்கள் தோட்டங்களிலேயே இருக்கிறார்கள். அவர்களின் பாட்டனார்கள் அந்தக் கான்களை முதலில் வெட்டியவர்கள். உங்கள் ஊர்ப் பாதை பதிவேட்டில் இருக்கிறதா என்று உங்கள் பிரதேச சபை உறுப்பினரிடம் கேளுங்கள். வெளிநாட்டில் இருந்து ஊருக்கு உதவ விரும்பும் மலையக உறவுகளும், கோயில் கோபுரத்துக்கு அடுத்தபடியாக, இந்தக் கேள்வியைக் கேட்கலாம். சட்டத் தடை நீங்கிய பின் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் கடமை சபைக்கு உண்டு.